மஞ்சள் காய்ச்சல் ஊசி

மார்ச் 3, திங்கள்

பாஸ்போட் வந்துவிட்டது. சிவப்பு மட்டை, தங்க எழுத்து, உள்ளே கள்ளி மாதிரி முழித்துக்கொண்டு நான். இவர் ஜேர்மன் பாஸ்போட் எடுத்து எத்தனையோ வருசமாகிறது. நான்தான் மொழிப் பரீட்சைக்குப் பயந்து இழுத்தடித்தேன். முதியோர் இல்லத்துச் சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்யும் ஹெல்கா கட்டிப்பிடித்து, "இனி நீ உலகத்தில் எங்கும் போகலாம்" என்றாள். எனக்கு எங்கும் போக ஆசையில்லை. ஒரே ஒரு இடம்தான்.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். "நான் டோகோவுக்குப் போகப்போறன். தம்பியைத் தேட."

புட்டைப் பிசைந்த கை அப்படியே நின்றது.

"விசா தரமாட்டாங்கள்."

"ஏன் தரமாட்டாங்கள்? நான் இப்ப ஐரோப்பியப் பிரசை. சுற்றுலாப் பயணி."

"உந்த நாட்டுக்கு ஆர் சுற்றுலா போறது, மலர்?"

"வெள்ளைக்காரர் போயினந்தானே. அவையளுக்கு மட்டுமே கடல் பார்க்க ஆசை?"

இவர் எழும்பிப் போய்க் கை கழுவினார். கோப்பையில் புட்டு பாதி அப்படியே கிடந்தது. இந்த மனிசனுக்கு எதைச் சொன்னாலும் முதலில் 'ஏலாது' என்றுதான் வாயில் வரும். பாண் போடும் பேக்கரித் தொழிற்சாலையில் விடியப்புறம் எழும்பி எழும்பி ஆள் அப்படியாகிவிட்டார்.

என் தம்பி நிருபன். சண்டை முடிந்து இரண்டு வருசம் கழித்து, ஐரோப்பாவுக்குக் கொண்டுவருகிறேன் என்ற ஏஜென்சிக்காரன் ஒருவன், மேற்கு ஆபிரிக்காவில் டோகோ என்ற நாட்டில், லோமே என்ற பட்டினத்தில் அவனையும் இன்னும் சில பெடியன்களையும் இறக்கி வைத்திருந்தான். "ரெண்டு கிழமையிலை வந்திடுவன் அக்கா, எனக்கு இறைச்சிக் கறி வை" என்று அங்கிருந்து போன் எடுத்தான். அதுதான் கடைசி. பிறகு வந்ததெல்லாம் காற்றுவாக்கில் வந்த கதைகள். கானாவில் கடை வைத்திருக்கிறானாம், மாலியில் கண்டவையாம். எல்லாம் இவர் கேட்டு வந்து எனக்குச் சொன்னவை. இவருக்கு ஆட்கள் பழக்கம்.

மார்ச் 9, ஞாயிறு

ஊருக்கு, அளவெட்டிக்குப் போன் எடுத்தேன். அம்மாவின் முதல் கேள்வி வழமையானதுதான்.

"தம்பி எடுத்தவனோ?"

"ஓம் அம்மா, புதன்கிழமை எடுத்தவன். சுகமாம். கொஞ்சம் இருமலாம்."

"கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கச் சொல்லு பிள்ளை. வேறை என்ன கதைச்சவன்?"

"உங்களைக் கேட்டவன். முழங்கால் நோ எப்பிடி எண்டு கேட்டவன்."

"கேட்டவனோ," என்று அம்மா ஒரு சிரிப்புச் சிரித்தா. அந்தச் சிரிப்புக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பொய்யை அவிழ்த்து விடுகிறேன். போன கிழமை அவனுக்குச் சம்பளம் கூடியது. அதற்கு முதல் கிழமை தலைமயிர் வெட்டினான். உண்மையைச் சொன்னால் அம்மா தாங்கமாட்டா. இவர் இந்தக் கதை தொடங்கினாலே குப்பை கொட்டுகிற சாட்டில் வெளியே போய்விடுவார். பொய் பிடிக்காத சத்தியவான்!

பயணத்தைச் சொன்னேன். லைன் அறுந்துவிட்டதாக்கும் என்று "ஹலோ, ஹலோ" என்று கத்தினேன்.

"மருமோன் என்ன சொல்லுறார்?"

"அவரோ? ஏலாதெண்டுதான்."

"அவரை ஒருக்கா எனக்கு எடுக்கச் சொல்லு."

மருமகனைப் பேசி வழிக்குக் கொண்டுவரப் போகிறா என்று எனக்குச் சந்தோசம்.

மார்ச் 15, சனி

மகள் ஆரணி கணினியில் தேடி விசாவுக்கு என்னென்ன தேவை என்று வாசித்துச் சொன்னாள். பாஸ்போட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். போகவர ரிக்கற் வேண்டும். எங்கே தங்குவோம் என்று காட்ட ஹோட்டல் பதிவு வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் காய்ச்சல் ஊசி. அது போட்ட மஞ்சள் கார்ட் இல்லாமல் விமான நிலையத்தைத் தாண்டவே விடமாட்டார்களாம்.

"பயணத்தின் நோக்கம் என்ன போடுறது அம்மா?" பதின்மூன்று வயதுக்காரி அதிகாரி மாதிரிக் கேட்கிறாள்.

"சுற்றுலா."

"மாமாவைத் தேடுறது எண்டு போடேலாதா?"

"அப்பிடிப் பெட்டி இருக்கோ அதிலை?"

இல்லை. சுற்றுலா, வியாபாரம், உறவினரைப் பார்த்தல். உறவினரைப் பார்ப்பதென்றால் அந்த உறவினர் விலாசத்தோடு கடிதம் அனுப்ப வேண்டுமாம். விலாசம் தெரிந்தால் நான் ஏனடி அம்மா தேடிப் போகிறேன்!

இவரும் வருகிறாராம். "உன்னைத் தனிய விடமாட்டன்" என்றார். அம்மா பேசியது வேலை செய்திருக்கிறது. ஆனால் படம் எடுக்க ஸ்ரூடியோவுக்குப் போனால் முகத்தைச் செத்தவீட்டு முகமாக வைத்திருக்கிறார். "கொஞ்சம் சிரியுங்கோவன்" என்றேன். சிரிக்கக் கூடாதென்று படம்பிடிப்பவன் சொன்னான். இவருக்கு வசதியாகப் போயிற்று.

மார்ச் 22, சனி

இன்று எனக்கு மானமே போயிற்று.

ரிக்கற் எடுக்க ஜீவனின் கடைக்குப் போனோம். பலசரக்கும் ரிக்கற்றும் ஒரே கடைதான். மலிவான ரிக்கற் அடுத்த சனிக்கிழமைக்கு இருந்தது. ஆனால் மஞ்சள் ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லுபடியாகும். "ஐயையோ, இன்னும் போடேல்லையே" என்றேன். ஜீவன் சிரித்தான்.

"அக்கா, அதுக்கேன் யோசிக்கிறியள்? எனக்கு ஒருத்தரைத் தெரியும். பழைய திகதி போட்டு, சீல் குத்தி, கார்ட் மட்டும் எடுத்துத் தரலாம். ஊசியும் தேவையில்லை, காய்ச்சலும் வராது."

இவர் முருங்கைக்காய்ப் பெட்டியடியில் நின்றவர். எப்படி வந்தாரென்று தெரியாது, ஜீவனின் சேட்டுக் கொலரைப் பிடித்துவிட்டார்.

"கார்ட்டோ? கார்ட் என்னடா செய்யும்? கார்ட் காய்ச்சலைத் தடுக்குமோ? எத்தினை பெடியளுக்கடா இப்பிடிக் குத்திக் குடுத்தனீங்கள்?"

"அண்ணை, நான் சும்மா... அண்ணை, விடுங்கோ அண்ணை..."

இருபத்தேழு வருசத்தில் இந்த மனிசன் ஒருவர் மேலே கை வைத்து நான் கண்டதில்லை. ஓடிப்போய் இழுத்தேன். கை தணல் மாதிரிச் சுட்டது. காரில் வரும்போது "உங்களுக்கு என்ன விசரே பிடிச்சிருக்கு?" என்று கத்தினேன். "ஊசி போடாமல் ஒருத்தரும் போகேலாது, மலர்" என்றார். இதையே திரும்பத் திரும்பச் சொன்னார். இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் இவருக்கு.

ரிக்கற்றை ஏப்ரல் பன்னிரண்டுக்குப் போட்டாயிற்று. வேறு கடையில்.

மார்ச் 25, செவ்வாய்

ஊசி போட்டாயிற்று. கை கொஞ்சம் நோகிறது.

இவருக்குப் போடவில்லை. ஏற்கெனவே போட்டதாம். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் காணும் என்று டொக்ரரும் சொன்னார். "எப்ப போட்டனீங்கள்?" என்று கேட்டேன். "முந்தி, வேலையிடத்திலை போட்டவை" என்றார். பாண் தொழிற்சாலைக்காரர் எதற்கு மஞ்சள் காய்ச்சல் ஊசி போடுகிறார்கள்? இந்த நாட்டில் எதற்கும் ஒரு சட்டம் இருக்கும். நான் மேலே கேட்கவில்லை.

போகும்போது டொக்ரரிடம் இவர் ஒரு மொக்குக் கேள்வி கேட்டார். "இந்த ஊசியை நேரத்துக்குப் போட்ட ஒருவர் இந்தக் காய்ச்சலால் சாகவே மாட்டாரா?" டொக்ரர், "அநேகமாகச் சாகமாட்டார்" என்றார். "இளம் ஆள் என்றால்?" என்று திரும்பவும் கேட்டார். நான் இவரின் காலில் மிதித்தேன். பிறகு கழிப்பறைக்குள் போனவர் வரவே இல்லை. முகம் கழுவிக் கண் சிவந்து வந்தார். இரண்டு நாளாக வயிறு சரியில்லைப் போல.

மார்ச் 28, வெள்ளி

இரண்டு பேருக்கும் விசா கிடைத்துவிட்டது! கேசரி கிண்டினேன். இவர் தொடவில்லை.

ஏப்ரல் 12, சனி. லோமே

வந்து சேர்ந்துவிட்டேன். என்னால் நம்ப முடியவில்லை.

ஆரணியை ஹெல்கா வீட்டில் விட்டுவிட்டு வந்தோம். விமானத்தால் இறங்கியதும் பாஸ்போட்டுக்கு முதல் மஞ்சள் கார்ட்டைத்தான் கேட்டார்கள். பிறகு ஒரு பெண் அதிகாரி, "சுற்றுலாவா?" என்றாள். "ஓம்" என்றேன், தமிழிலேயே. சிரித்துக்கொண்டு முத்திரை குத்திவிட்டாள். அவ்வளவுதான்! பின்னால் நின்ற வெள்ளைக்காரத் தம்பதிக்கும் அதே சிரிப்பு, அதே முத்திரை. என் தம்பி ஒளித்துத் திரிந்த ஊருக்குள் நான் தொப்பி போட்டுக்கொண்டு நடந்து வருகிறேன். வெளியே வந்து பெட்டிகளுக்கு மேலே குந்தியிருந்து அழுதேன். இவர் தண்ணீர் வாங்கி வந்து தந்தார். எங்கே விற்கிறார்கள் என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஏப்ரல் 13, ஞாயிறு

நாள் முழுக்க அலைச்சல். யாவோ என்ற கார்க்காரரைப் பிடித்தோம். நல்ல மனிதர், ஆங்கிலம் கொஞ்சம் கதைக்கிறார். கடற்கரை வீதி, பெரிய சந்தை, கானா எல்லை வரைக்கும் போனோம். மோட்டார் சைக்கிள் ரக்சிக்காரர், போன் கடைக்காரர், துணி விற்கும் பெண்கள் எல்லாருக்கும் தம்பியின் படத்தைக் காட்டினேன். யாரும் முகம் சுழிக்கவில்லை. ஒருவருக்கும் தெரியவுமில்லை.

இவர் காருக்குள்ளேயே இருந்தார். கடைசியில் நான் பொறுமை கெட்டு, "தம்பி உங்கடை சொந்தமில்லையோ? இறங்கி ஒரு ஆளைக் கேட்டால் காலே முறிஞ்சிடும்?" என்று கத்தினேன். யாவோ ரேடியோவைக் கூட்டினார்.

ஏப்ரல் 14, திங்கள். பகல்

யாரோ வீட்டு முற்றத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து இதை எழுதுகிறேன். எழுதாவிட்டால் யாரையாவது அடித்துவிடுவேன்.

இவர் இந்த ஊருக்கு முதலே வந்திருக்கிறார்.

இன்று சித்திரை வருசப் பிறப்பு. காலையில் காரில் ஏறியதும் இவர் யாவோவிடம், "கடற்கரையால் போய், பழைய ரயில் பாதையைக் கடந்து, இடது பக்கம்" என்றார். நான் வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். குறுகலான மணல் ஒழுங்கை, நீலக் கதவு. என்னைவிடக் கொஞ்சம் வயது கூடிய ஒரு பெண், மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், நிமிர்ந்து பார்த்தாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடிவந்து இவரைக் கட்டிப்பிடித்தாள். "ரத்தினம் அண்ணை!" என்றாள். தமிழில்! ஐயோ, தமிழில்!

இவர் அவளின் தோளில் முகத்தை வைத்து அழுகிறார். என் புருசன், கருணைரத்தினம், நான் செத்தாலும் அழமாட்டார் என்று நினைத்த மனிசன். அவளின் பெயர் அஃபியாம். நான் என்ன நினைப்பேன்? நினைக்கக் கூடாததை எல்லாம் நினைத்தேன். "எத்தினை வருசமா நடக்குது இந்தக் கூத்து?" என்று கேட்டேன். இவர், "மலர், கொஞ்சம் இரு, சொல்லுறன்" என்றார். இருக்கிறேன். இருந்துதானே ஆகவேண்டும்.

அவள் உள்ளேயிருந்து தண்ணீர் கொண்டுவந்து என்னிடம் நீட்டினாள். "அக்கா, குடியுங்கோ" என்கிறாள். என் தம்பி மாதிரியே, 'அக்கா'வை இழுத்து.

அதே நாள், பின்னேரம்

தம்பி அந்த வீட்டில்தான் இருந்தான். அவர்கள் எட்டுப் பெடியன்கள். அஃபி வீட்டுக்காரி, வாடகைக்கு விட்டவள்; அவர்களிடம்தான் தமிழ் பழகினாளாம்.

ஏஜென்சிக்காரன் பயணத்தை அவசரமாக முற்படுத்தினானாம். ஊசி போட்டுப் பத்து நாள் பொறுக்க நேரமில்லை. பழைய திகதி போட்ட கார்ட் எடுத்துத் தருகிறேன், சரியோ என்று போனில் கேட்டானாம். ஜேர்மனியிலிருந்து 'ஓம்' சொன்னது இவர். தம்பி வந்து இரண்டு மாதத்துக்குள் காய்ச்சல். கண் மஞ்சளாகி, வாந்தி எடுத்து, ஐந்தாம் நாள்.

அஃபி இவருக்குப் போன் எடுத்தாளாம். இவர் வர வேண்டும். வருவதற்கு விசா வேண்டும், விசாவுக்கு ஊசி. "நான் ஊசியைப் போட்டிட்டுப் பத்து நாள் காத்திருந்தனான், மலர். அவன் பிணவறையிலை கிடந்தவன். நான் வீட்டிலை உன்னோடை இருந்து சோறு திண்டனான்."

பாரிஸில் சிநேகிதனின் தகப்பன் செத்துப்போனார் என்று ஒரு கிழமை போனாரே, அது இங்கேதான். நான்தான் கறுப்புச் சேட்டை ஸ்திரி போட்டுக் கொடுத்தேன். ஐயோ, என் கையாலே ஸ்திரி போட்டுக் கொடுத்தேன்.

இவருக்கு அடித்தேன். நெஞ்சில், முகத்தில், கையோய அடித்தேன். தடுக்கவில்லை. அஃபிதான் பிடித்தாள்.

ஏப்ரல் 15, செவ்வாய்

தம்பி செத்துப் போனான்.

எழுதிப் பார்த்தேன்.

ஏப்ரல் 16, புதன்

இடுகாட்டுக்குப் போனோம். எரிக்க வழி கிடைக்கவில்லையாம், புதைத்திருக்கிறார்கள். சுற்றிவர எல்லாம் சிலுவைகள். தம்பியின் தலைமாட்டில் சிலுவை இல்லை, வெள்ளை பூசிய கல் மட்டும். வருசத்துக்கு ஒருமுறை அஃபி வெள்ளை பூசுகிறாளாம். யார் கேட்டது அவளிடம்? ஒருவரும் கேட்கவில்லை. அவளின் கையைப் பிடித்தேன்.

இவரோடு இரண்டு நாளாகக் கதைக்கவில்லை. ஆனால் அந்த இடத்தில் வேறு யாரோடு கதைப்பேன்?

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உனக்கு ஆரணி வயித்திலை அஞ்சு மாதம். முதல் ரெண்டும் தங்கேல்லை. பிறக்கட்டும் எண்டு பார்த்தம். பிறந்தாப் பிறகு, பச்சை உடம்புக்காரி எண்டு விட்டம். பிறகு நீயே அவன் கதைச்சவன், சுகமாயிருக்கிறான் எண்டு சொல்லத் தொடங்கினாய். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

எங்கள் ஆட்களின் இந்தப் பழக்கம்! சாவை மூடி மூடி வைத்து, நல்ல நாள் பார்த்துச் சொல்வோம் என்று இருந்து, கடைசியில் சொல்ல நாளே இல்லாமல் போகும். என் மாமியார் செத்ததையும் இவருக்கு மொழிப் பரீட்சை முடிந்த பிறகுதான் சொன்னார்கள். நானும் அதற்கு உடந்தை.

"சரி, என்னை விடுங்கோ. அம்மாவுக்கு நான் இதை எப்பிடிச் சொல்லுவன்? அந்த மனிசி செத்துப் போகும்."

இவர் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"மாமிக்குத் தெரியும், மலர்."

"என்ன தெரியும்?"

"எல்லாம். அண்டைக்கே தெரியும். மாமிதான் உனக்குச் சொல்ல வேண்டாமெண்டவா. கீரிமலையிலை அந்தியேட்டிக் கிரியை செய்தவா. வருசா வருசம் திவசமும் குடுக்கிறா. அயலிலை அழுது குழறினால் ஆரும் உனக்குப் போனிலை சொல்லிப் போடுவினம் எண்டு, வீட்டிலை ஒரு சத்தமில்லை."

அப்படியே மணலில் குந்திவிட்டேன். பதினான்கு வருசம். கொத்தமல்லி அவித்துக் குடிக்கச் சொல்லு என்றாவே! செத்தவனுக்கோ கொத்தமல்லி? நான் கதை கதையாக அளந்தேனே, தலைமயிர் வெட்டினான், சம்பளம் கூடியது, ஆரணியின் பாட்டுக் கேட்டுச் சிரித்தான் என்று. அந்த மனிசி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, பிறகு, பிறகு என்று கேட்டுக்கொண்டு...

போனை எடுத்தேன். கோபத்தில்தான் எடுத்தேன், மறைக்க மாட்டேன். அம்மாவைக் கிழிக்க வேண்டுமென்று இருந்தது. இன்று ஞாயிறு இல்லையே என்று அம்மா பயந்துகொண்டே "ஹலோ" என்றா.

"அம்மா, தம்பி செத்துப் போனான்."



"ஓம் பிள்ளை," என்றா. பிறகு, "ஓம். என்ரை பிள்ளை செத்துப் போனான்."

"என்னம்மா இது? நான் ஒவ்வொரு கிழமையும் பொய் சொல்லச் சொல்ல, என்னெண்டம்மா கேட்டுக்கொண்டிருந்தனீங்கள்? ஒரு நாளாவது 'நிப்பாட்டடி' எண்டு சொல்லியிருக்கக் கூடாதே?"

"எப்பிடி நிப்பாட்டச் சொல்லுவன்? மற்ற ஆறு நாளும் அவன் செத்தவன். நீ எடுத்துக் கதைக்கேக்கை, இருமினவன், மயிர் வெட்டினவன், என்னைக் கேட்டவன் எண்டு சொல்லுறாய். அந்தக் கொஞ்ச நேரம் என்ரை பிள்ளை எங்கையோ இருக்கிறான். அதை நான் ஏன் பிள்ளை கெடுப்பன்?"

காற்று ஒரே உப்பாக இருந்தது. அஃபி தள்ளி நின்று இவரோடு மெதுவாக ஏதோ கதைத்துக்கொண்டிருந்தாள்.

"இப்ப எங்கை நிக்கிறாய்?" என்று அம்மா கேட்டா.

"அவனுக்குப் பக்கத்திலை."

"தொட்டுப் பார்த்தனியோ?"

"இல்லை."

"தொடு."

தொட்டேன். வெயிலில் கல் சுட்டது. தொட்டுவிட்டேன் என்று சொன்னேன்.

"அழு பிள்ளை," என்றா அம்மா. "எனக்குத்தான் வாய்விட்டு அழக் கிடைக்கேல்லை. நீ அழு. நான் கேட்டுக்கொண்டிருக்கிறன்."

அழுதேன். என் வாயிலிருந்து அப்படியொரு சத்தம் வருமென்று எனக்கே தெரியாது. இடுகாட்டுக்காரர்கூட வேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தார். கொஞ்ச நேரத்தில் போனுக்குள்ளேயும் சத்தம் கேட்டது. அம்மா குழறுகிறா. அளவெட்டியில் அயலட்டையெல்லாம் கேட்கத்தக்கதாக, தம்பியின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் குழறுகிறா. யாரோ ஓடிவந்து "என்ன மாமி, என்ன நடந்தது, ஆர் செத்தது?" என்று கேட்பதும் கேட்டது.

"என்ரை பெடியன்," என்றா அம்மா. "என்ரை பெடியன் செத்துப் போனான்."